இரண்டாவது துவக்கு

என்னைக் கொல்ல யாரும் வரவில்லை. வரப் பார்க்கிறார்கள் என்று 2013இல் பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதிக் கொடுத்தேன், காற்சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு பிஸ்டலுக்காக. அந்த விண்ணப்பத்தில் என் பெயர், முகவரி, தொழில் மூன்றும் உண்மை. மடுல்கெல்லவில் நகை அடகுக் கடை, கடைக்கு மேலே வீடு, தோட்டத்துச் சனங்களின் தோடும் மூக்குத்தியும் சங்கிலியும் இரும்புப் பெட்டியில். மிச்சத்தை எப்படி உண்டாக்கினேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு துவக்கு இருந்தது. அப்பா காலத்து 12 போர், ஒற்றைக் குழல். எங்களுக்கு இருக்கிற கொஞ்சக் காணியில் மரக்கறி போட்டால் நக்கிள்ஸ் காட்டிலிருந்து பன்றி இறங்கிவிடும். பயிரைக் காக்கவென்று கச்சேரியில் எடுத்த லைசன், ஆண்டுதோறும் புதுப்பிப்பது. அந்தத் துவக்கால் எனக்குப் பெருமை எதுவும் வந்ததில்லை. மண்வெட்டி மாதிரி அதுவும் ஒரு சாமான், மூலையில் சாத்திக் கிடக்கும்.

பிஸ்டல் வேறு. 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம்தான் இன்றைக்கும் நடக்கிறது. பயிர் காக்கும் துவக்கென்றால் மாவட்டச் செயலாளரோடு முடிந்துவிடும். உயிர் காக்கக் கைத்துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சு வரை போகவேண்டும். போகும் வழியில் கிராம சேவகர், பொலிஸ், சிபாரிசு எல்லாம் உண்டு. அந்த நீளமான வழியே எனக்கு ருசித்தது. எல்லாருக்கும் கிடைக்காத ஒன்று அங்கே முடிவில் இருந்தது.

அமெரிக்காவில் பொலிஸ்காரர்கள் இடுப்பில் ஒன்றும் கணுக்காலில் ஒன்றுமாக வைத்திருப்பார்களாம். இடுப்பில் இருப்பது பறிபோனாலோ சிக்கிக்கொண்டாலோ கணுக்காலில் இருப்பது கைகொடுக்கும். துணைக்கு வைக்கிற சின்னத் துவக்கு. எனக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. 12 போர் முதலாவது, பிஸ்டல் இரண்டாவது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். மடுல்கெல்ல வீட்டு மூலையில் கிடக்கிற துவக்குக்கு, கண்டி டவுனில் நிற்கிறவன் பையில் இருப்பது எப்படித் துணையாகும்? இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு வாசிக்கத் தொடங்கினேன். கடையைப் பூட்டிய பிறகு இரவில் அதுதான் வேலை. 1927இல் வந்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல், ஆறு தோட்டா. 1950இல் வந்த ஸ்மித் அண்ட் வெசன் சீஃப்ஸ் ஸ்பெஷல், ஐந்தே தோட்டா. ஒன்றைக் குறைத்ததால் உருளை மெலிந்து பைக்குள் புடைக்காமல் போயிற்று. இரும்புச் சட்டத்துக்குப் பதில் அலுமினியம் போட்டு ஏர்வெயிட் என்று இறக்கினார்கள், சுமார் 400 கிராம். ஒரு இறாத்தல் பாணை விடவும் குறைவு! அப்புறம் வால்தர் பிபிகே. 1931இல் ஜெர்மனியில் வந்தது, 7.65 மில்லிமீட்டர், ஏழு ரவைக் கூடு, ஏறக்குறைய 600 கிராம். ஜேம்ஸ் பாண்டுக்கு அதை வாங்கிக் கொடுத்தவர் பூத்ராய்ட் என்ற துப்பாக்கிப் பிரியர். உங்கள் கதாநாயகன் வைத்திருக்கும் பெரெட்டா பெண்கள் துவக்கு என்று அவர் இயன் ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுத, 1958இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்ட் துவக்கை மாற்றிக்கொள்கிறான். கற்பனை ஆளின் பைக்குள் என்ன இருக்கவேண்டும் என்று மெனக்கெட்டுக் கடிதம் எழுதிய அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தேன். நான் செய்துகொண்டிருந்ததும் அதே வேலை என்று அப்போது படவில்லை.

வாசித்ததில் ஒன்று மட்டும் இடறியது. துவக்கு லேசாக லேசாக உதை கூடும். அதே தோட்டாவை, பாதி எடையுள்ள துவக்கில் போட்டுச் சுட்டால் உதையின் சக்தி இரட்டிப்பு. இன்னும் லேசாகச் செய்த ரிவோல்வர்களில், முதல் வெடியின் உதையில் அடுத்த அறையிலிருக்கும் தோட்டாவின் தலை முன்னால் நழுவி உருளையைச் சிக்கவைத்துவிடுவதும் உண்டு. குழல் குட்டையானதால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையில் தூரமில்லை. கை ஒரு நூல் அசைந்தாலும் ரவை வேறெங்கோ போகும். 400 கிராம் துவக்கின் விசையை இழுக்க ஐந்து கிலோ அளவுக்கு விரல்பலம் வேண்டும். அதாவது, சின்னத் துவக்கு பழகாதவனுக்கு ஏற்றது என்று நினைப்பது தலைகீழ். நன்றாகப் பழகிய கைக்குத்தான் அது சரி. பெரிய துவக்கில் வருஷக்கணக்காகச் சுட்டவன், வேறு வழியில்லாத நேரத்தில், கையெட்டும் தூரத்தில் இருப்பவன் மீது பாவிப்பதற்கென்று வைத்துக்கொள்வது அது.

இது தெரிந்த பிறகும் லேசானதையே கேட்டேன். காரணம் எளிது. கனமானதை எடுத்தால் இடுப்பில் தொங்கவேண்டும், மனைவி பார்ப்பாள், சிரிப்பாள். லேசானது பைக்குள் கிடக்கும், எனக்கு மட்டும் தெரியும். சுடுவதைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. வைத்திருப்பதைப் பற்றித்தான் யோசித்தேன்.

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர், எனக்குப் பழக்கமானவர், லைசன் கிடைத்த பிற்பாடு ஒரு நாள் சுடும் இடத்துக்குக் கூட்டிப்போனார். ஏழெட்டு மீற்றர் தூரத்தில் காகிதம். நான் சுட்டதில் பாதி காகிதத்தின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் உரிந்துவிட்டது. அவர் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார், "முதலாளி, இதை எதற்கு வாங்கினீங்க?" பாதுகாப்புக்கு என்றேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேத்தண்ணி குடிக்கப் போவோம் என்றார்.

எதற்கு வாங்கினேன் என்பதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு, அவரிடம் சொல்லக்கூடியதல்ல. என் தாத்தா லயத்தில் பிறந்தவர். மலைநாட்டில் துவக்கு எந்தப் பக்கம் இருக்கும், அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டு, தொழிலாளி கோவிந்தன் செத்தார். அடுத்த ஆண்டு ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் கொல்லப்பட்டார். அதற்கு இரண்டு தொழிலாளர்களைத் தூக்கில் போட்டார்கள். துரைமார் போய், தோட்டங்கள் அரசாங்கத்திடம் போய், பிறகு கம்பெனிகளிடம் வந்தும் அந்தத் திசை மாறவில்லை. 1977, 1983 கலவரங்களில் எங்கள் ஆட்கள் கதவுக்குப் பின்னால் மரக்கட்டிலை நிறுத்தி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். யுத்த காலத்தில் தமிழன் பையில் சின்னப் பிஸ்டல் இருந்தால் அவனுக்கு வைக்கும் பெயர் வேறு. 2009க்குப் பிறகு, வியாபாரி, ஊரில் மரியாதை உள்ளவர், கட்சிக்காரர்களோடு பழக்கம் என்ற தகுதியில் அரசாங்கமே லைசன் எழுதிக் கையில் துவக்கைத் தருகிறது என்றால், நான் பக்கம் மாறிவிட்டேன் என்று அர்த்தம். குழலுக்கு முன்னால் நின்ற பரம்பரையிலிருந்து குழலுக்குப் பின்னால் வந்துவிட்டேன். அந்த ஆசையை இன்றைக்கும் நான் முழுக்க இகழ மாட்டேன். அதைத் தீர்த்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்லவேண்டும்.

விண்ணப்பத்துக்கு ஆபத்து வேண்டும். நகையும் காசும் கண்டிக்குக் கொண்டுபோகிறேன் என்பது மட்டும் போதாது, பொலிஸில் ஒரு முறைப்பாடு பதிந்திருந்தால் பலமாக இருக்கும் என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார். ஆபத்துக்கு எங்கே போவது? அந்த நேரம் பார்த்து ஒரு பையன் கடைக்கு வந்தான்.

தோட்டத்துப் பையன், இருபது இருபத்திரண்டு வயது. அவன் அம்மா வைத்த தோடு தவணை தப்பிவிட்டது. நான் உருக்கிவிட்டேன். உருக்குவதற்கு முன்னால் அறிவித்தல் அனுப்பியிருக்கவேண்டும். அனுப்பவில்லை. அந்த மாதம் தங்கத்துக்கு நல்ல விலை. அவன் அடகுத் துண்டை மேசையில் வைத்து, கணக்கைக் காட்டச் சொன்னான். குடித்திருக்கவில்லை. அவன் கேட்டது அத்தனையும் நியாயம், அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. வாசலுக்குப் போய்த் திரும்பி, "ஏழைங்கன்னா ஏமாத்தலாம்னு பாக்குறீங்களா மொதலாளி? நானும் பாத்துக்கிறேன்" என்றான்.

"பாத்துக்கிறேன்." அவன் எதை நினைத்துச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். யூனியன் ஆட்களிடம் சொல்லுவான், கச்சேரியில் மனுக் கொடுப்பான். பொலிஸில் நான் சொன்னது வேறு. கடைக்கு வந்து உயிரை எடுப்பதாக மிரட்டினான், இரண்டு நாட்களாக மோட்டார் சைக்கிளில் யாரோ பின்தொடர்கிறார்கள். மோட்டார் சைக்கிள் என் சொந்தக் கற்பனை. அவனிடம் சைக்கிள்கூடக் கிடையாது. முறைப்பாட்டின் பிரதியை வாங்கி விண்ணப்பத்தோடு குத்தினேன். அவனைப் பிடிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. சொன்னால் அது இன்னொரு பொய்.

அன்றிரவே கூட்டிப் போய்விட்டார்கள். காலையில் கடையைத் திறக்கிறேன், அவன் அம்மா வாசலில் நிற்கிறாள். கொழுந்துக்குப் போகாமல் வந்திருக்கிறாள். என்மேல் பாயப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கும்பிட்டாள். "ஐயா, யாரோ ஏதோ சொல்லி எழுதிக் குடுத்துட்டாங்க. அவனுக்கு வாய்தான் நீளம், கை நீளமில்லீங்க. நீங்க பெரிய மனுசரு, ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க."

யார் எழுதிக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம், அந்த வாசலிலேயே. நான் சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு போனேன். பொலிஸில் போய், பாவம் சின்னப் பையன், எச்சரித்து விடுங்கள் என்றேன். விட்டார்கள். அவன் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாக்காரி அவன் தலையைப் பிடித்து அழுத்தி எனக்குக் கும்பிடு போடவைத்தாள். அடுத்த கிழமை தோட்டத்தில் கொடுத்த தேத்தூளில் ஒரு பார்சல் கொண்டுவந்து தந்தாள், நல்ல வாசமான தூள். வாங்கினேன். குடித்தோம்.

அந்தப் பையன் கட்டாருக்குப் போக இருந்தான் என்பதைப் பிறகு அறிந்தேன். பொலிஸ் அறிக்கை எடுக்கப் போன இடத்தில் பழைய முறைப்பாடு தடுத்திருக்கிறது. இழுபட்டு இழுபட்டு ஏஜென்சி வேறு ஆளை அனுப்பிவிட்டது. அவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனான். அந்தச் செய்தி வந்த நாட்களில்தான் எனக்கு லைசன் வந்தது. 7.65 மில்லிமீட்டர், கைக்குள் மறைந்துபோகும் அளவு. கறுப்பு நிறம், எண்ணெய் வாசம்.

வைத்திருந்த காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மடுல்கெல்ல ஈரத்தில் துரு ஏறும், துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நடக்கும்போது கை தானாகப் பையைத் தொட்டுப் பார்க்கும். இப்படித் தொட்டுப் பார்க்கிறவனைத்தான் திருடன் குறிவைப்பான் என்று ஒரு பொலிஸ்காரரே சிரித்தார். கண்டியில் தலதா மாளிகைப் பக்கம் போகமுடியாது, சோதனை. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனால் வேனில் வைத்துவிட்டு, வேனைக் காவல்காக்க டிரைவரை வைத்துவிட்டு, சாமி கும்பிடுகிற நேரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். என்னைக் காக்க வாங்கியதை நான் காத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்பா இதில் புத்திசாலி. 1988, 89இல் ஜேவிபிக்காரர்கள் லைசன் துவக்கு உள்ள வீடுகளைத் தெரிந்துவைத்து இரவில் வந்து பறித்துக்கொண்டு போனார்கள். ஊருக்கு அந்தக் கதை வந்து சேர்ந்த அன்றே அப்பா 12 போரைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் பொலிஸில் ஒப்படைத்தார். யாரும் கேட்கவில்லை. நிலைமை அடங்கியபின் திரும்ப எடுக்கும்வரை, துவக்கு இல்லாத இரவுகளில் அவர் நன்றாகத் தூங்கினார் என்று அம்மா சொல்லுவார்.

2018 மார்ச்சில் திகனவில் கலவரம் வந்தது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு, பிறகு நாடு முழுக்க அவசரகால நிலை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் எடுத்தார். எனக்குத் தொழிலில் பல உதவி செய்த மனிதர். "முதலாளி, புள்ளைகள மட்டும் ரெண்டு ராவைக்கு உங்கட ஊட்டுல வெச்சுக்கொள்ள ஏலுமா?" என்றார். என்னிடம் லைசனோடு இரண்டு துவக்கு இருந்தன. சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் இல்லாத பலம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வீட்டில் ஆயுதம் இருக்கு, இந்த நேரத்தில் உங்கள் ஆட்கள் இங்கே இருந்து, ஆமி சோதனைக்கு வந்தால் இரண்டு பேருக்கும் சிக்கலாகிவிடும், நாளைக்குப் பார்ப்போம். அவர் "சரி முதலாளி, பரவாயில்ல" என்றார். பிள்ளைகளை வேறொருவர் வைத்துக்கொண்டார். ஒரு சிங்கள ஆசிரியர். அவர் வீட்டில் கத்தியைத் தவிர ஆயுதம் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் புண்ணியமல்ல. துவக்கு இல்லாவிட்டால் நான் கதவைத் திறந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். திறந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. என் பயத்துக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்ததே அந்தத் துவக்கால்தான்.

காரணம் தேடுவதில் நான் தனியாள் இல்லை. 2012இல் டில்லி பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, இந்தியாவில் 2014இல் கான்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை நிர்பீக் என்று பெண்களுக்காகவே ஒரு ரிவோல்வர் செய்தது. அரைக் கிலோ, விலை இந்திய ரூபாயில் ஒரு லட்சத்துக்கு மேல். கைப்பைக்குள் அடங்கும் என்பதுதான் விளம்பரமே. அந்தச் செய்தியைப் படித்தபோது, பாருங்கள், உலகமே என் பக்கம் வருகிறது என்று மனைவியிடம் காட்டினேன். அவள், "பஸ்ல போற பொம்பளைக்கு ஒரு லட்சம் எங்கருந்து வரும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அமெரிக்காவின் டலஸ் நகரில் 1963 நவம்பர் 24இல், கென்னடியைக் கொன்றதாகப் பிடிபட்ட ஒஸ்வால்டைச் சுட்ட ஜாக் ரூபி வைத்திருந்ததும் இப்படி ஒரு லேசான கோல்ட் கோப்ரா. இரவு விடுதி நடத்துகிறவன், காசு கொண்டு திரிகிறேன், அதனால் வைத்திருக்கிறேன் என்பது அவன் சொன்ன காரணம். எனக்கும் அதே காரணம்தான். பையில் இருப்பது என்றைக்கு எதற்காக வெளியே வரும் என்பதை, வாங்கும்போது எழுதிக்கொடுத்த காரணம் தீர்மானிப்பதில்லை. என்னுடையது வெளியே வரவேயில்லை. வராமலே அது செய்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

2024இல் புதிய அரசாங்கம் வந்ததும், தற்காப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்த துவக்குகளை எல்லாம் மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னார்கள். முதலில் நவம்பர் 7 வரை, பிறகு 2025 ஜனவரி 20 வரை தவணை. வெலிசறையில் கடற்படையிடம் கொடுக்கவேண்டியிருந்தது. நான் முதல் தவணையிலேயே கொடுத்துவிட்டேன். நல்ல பிரஜை என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் போட்டுத் துடைக்க அலுத்துவிட்டது.

திரும்ப எழுதிப் போடலாமே மாமா, உங்களுக்குத்தான் ஆட்களைத் தெரியுமே என்று மருமகன் சொல்கிறார். வேண்டாம் என்றேன். வயசாகிவிட்டது என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் அதல்ல. மீளாய்வு என்றால் பழைய முறைப்பாட்டைப் புரட்டுவார்கள், மிரட்டல் மெய்தானா என்று அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். யார் எழுதிக் கொடுத்தது என்பது அன்றைக்கு அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் தெரிந்துபோகும். அவள் இன்னும் மாதா மாதம் வட்டி கட்ட வருகிறாள். வந்தால் மகனைக் காப்பாற்றிய கதையை, கடையில் நிற்கிற மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறாள். நான் தலையாட்டுகிறேன். இதை எழுதுகிற துணிச்சல்கூட அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் வந்ததுதான்.